வரக்காப்பியும் வலுவும்

காப்பி குடிப்பவர்களுக்குத் தசை அதிகம் என்று ஓர் ஆய்வுச் செய்தி வாட்ஸப்பில் வந்தது. எனக்கு அம்மாச்சி ஞாபகம் வந்தது. உசிலம்பட்டிப் பக்கம் ஊர். விடியுமுன் ஒரு டம்ளர் வரக்காப்பி, கருப்பட்டி போட்டது. அதோடு களையெடுக்கக் கிளம்பிவிடுவார். "பசிக்கலையா?" என்றால், "அதான் காப்பி குடிச்சாச்சுல்ல" என்பார்.

அவருடைய அம்மா காலத்தில் காலையில் நீராகாரம்தான். சிறுமலையிலும் தாண்டிக்குடியிலும் காப்பி விளைந்தாலும், தமிழ் வீடுகளுக்குள் அது பரவியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நீராகாரத்தின் இடத்தைக் காப்பி பிடித்த கதையையும், அது உடம்பைக் கெடுக்கும் என்று அன்று எழுந்த புலம்பல்களையும் ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையில் எழுதியிருக்கிறார்.

இங்கே இந்தப் புலம்பல் நடந்த அதே காலத்தில், இங்கிலாந்தில் ஒருவர் காப்பியிலுள்ள கஃபீனைச் சோதித்துக்கொண்டிருந்தார். 1901-02இல் நீலகிரியில் தோடர்களை ஆராய்ந்த அதே டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். விரலால் எடையைத் திரும்பத் திரும்ப இழுக்க வைத்துச் சோர்வை அளக்கும் கருவி எர்கோகிராஃப். சில நாள் கஃபீன், சில நாள் கஃபீன் இல்லாத கலவை. எது எதுவென்று குடிப்பவருக்குத் தெரியாது. கஃபீன் தசையின் வேலைத்திறனைக் கூட்டுகிறது என்று 1907இல் வெப்பருடன் சேர்ந்து எழுதினார். 1978இல் அமெரிக்காவில் டேவிட் காஸ்டில் குழு சோதித்தபோது, சுமார் 75 நிமிடத்தில் களைத்துப்போன சைக்கிள் வீரர்கள் கஃபீன் குடித்த நாளில் 90 நிமிடம் மிதித்தார்கள்.

காரணம் பெரும்பாலும் மூளையில் இருக்கிறது. உழைக்க உழைக்க அடினோசின் சேர்ந்து 'போதும்' என்கிறது. அது உட்காரும் இடத்தைக் கஃபீன் பிடித்துக்கொள்கிறது. அலர்ட்டை ம்யூட் செய்வது மாதிரிதான், சர்வர் சரியாகிவிடாது.

காப்பியையும் தசை அளவையும் இணைக்கும் இப்போதைய செய்திகள் பலவும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பிலிருந்து வருபவை. காப்பி குடிப்பவர்கள் நன்றாகச் சாப்பிட்டு, நடமாடுபவர்களாகவும் இருக்கலாம். எது காரணம், எது விளைவு என்று அந்தக் கணக்கு சொல்லாது. முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையும் என்கிறார்கள். அதைத் தாமதப்படுத்துபவை இரண்டு: தசைக்கு வேலை, தட்டில் புரதம்.

அம்மாச்சிக்கு வேலைக்குக் குறைவில்லை. தட்டில்தான் ஒன்றுமில்லை. கடைசி வருஷங்களில் செம்புத் தண்ணியைக்கூட ரெண்டு கையால்தான் தூக்கினார். "சோறு வேணாம், காப்பி மட்டும் குடுப்பா" என்பார். கேட்டதைக் கொடுத்தோம். கூடவே ஒரு முட்டையும் அவித்து வைத்திருக்கலாம்.