வேதக்காரரும் பறங்கியும்

கிறித்தவர்களை ‘வேதக்காரர்’ என்றும் அவர்களுடைய தேவாலயத்தை ‘வேதக்கோயில்’ என்றும் சொல்வது நமக்குப் பழகிய வழக்கு. இது ‘அஹ்லுல் கிதாப்’ என்னும் குர்ஆன் சொற்றொடரின் நேர் தமிழாக்கம், ஆகவே முஸ்லிம்களான சோனகர் தமிழுக்குக் கொடுத்த சொல் என்று ஒரு விளக்கம் கிழக்கிலங்கையில் சம்மாந்துறைப் பக்கம் உலவுகிறது. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல் அப்படிப் பிறக்கவில்லை. அஹ்லுல் கிதாப் என்றால் யூதரும் அடக்கம். பேச்சில் யூதரை வேதக்காரர் என்று சொல்வார் யார்? குர்ஆனைத் தமிழில் பெயர்த்தவர்களோ ‘வேதமுடையோர்’, ‘வேதத்தையுடையவர்கள்’, ‘வேதம் வழங்கப்பட்டோர்’ என்று புதுத் தொடர்களைக் கட்டியிருக்கிறார்கள். கைவசம் சொந்தச் சொல் இருந்திருந்தால் இந்தச் சிரமம் எதற்கு? போதாக்குறைக்கு, தப்சீர் என்னும் குர்ஆன் விரிவுரையின் வாசனையே படாத திருநெல்வேலிச் சிற்றூர்களிலும் இந்துக்கள் வாயில் வேதக்காரரும் வேதக்கோயிலும் புழங்குகின்றன.

எதிர்த் தரப்பின் வலுவான ஆதாரத்தை மறைக்க வேண்டியதில்லை. வண்ணப் பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’ 1572ஆம் ஆண்டினது. அன்றிக் அடிகளாரின் கிறித்தவ நூலான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சானதோ அதற்குப் பின், 1578இல். யூத அறிஞர் ஒருவர் நபிகளிடம் கேள்வி கேட்பதே அந்த மசலாவின் கதை. இறைநூல்களைத் தௌறாத்து, சபூர், இன்ஜீல், புர்க்கான் என நான்கு வேதமாக எண்ணுவதும் இஸ்லாமியத் தமிழில் ஊறிய மரபு. ஆனால் அங்கே வேதம் என்பது நூல், கிதாபு. சமயத்துக்குத் தீன் உண்டு, மார்க்கம் உண்டு. ஒருவர் இஸ்லாத்தில் சேர்ந்தால் ‘வேதத்தில் சேர்ந்தார்’ என்று நாம் சொல்வதில்லை. கத்தோலிக்கத் தமிழில் வேதம் சமயத்துக்கே பெயர்: வேதத்தில் சேர்தல், வேதம் மாறுதல், வேதபோதகர். சமயத்துக்காக உயிர்விட்டவர் ‘வேதசாட்சி’. 1544இல் மாண்ட மன்னார்க்காரரும் 1752இல் சுடப்பட்ட தேவசகாயம் பிள்ளையும் அப்படியே அழைக்கப்படுகிறார்கள். (கிரேக்க ‘மார்த்தீஸ்’, அறபு ‘ஷஹீத்’ இரண்டுக்கும் அடிப்பொருள் சாட்சிதான், தமிழில் மட்டும் முன்னால் ஒரு வேதம் ஒட்டிக்கொண்டது.) வேதக்காரரில் உள்ள வேதம் இந்த வேதம். அதற்கு அறபு மூலம் தேடுவது வீண்.

இந்தப் பொருளை ஊன்றியவர் இயேசு சபைக் குருவான ரொபெர்தோ தெ நொபிலி என்பது என் துணிபு. 1606இல் அவர் மதுரைக்கு வந்தபோது, ஞானஸ்நானம் பெற வருபவரிடம் ‘பறங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா’ என்ற கருத்தில் கேட்கும் வழக்கம் இருந்தது. பறங்கி என்றால் மாட்டிறைச்சி, மது, குலக்கேடு என்று ஊர் கண்ட காலம். நொபிலி காவியுடுத்தி, தாம் பறங்கி அல்லர் என்று ஓலையில் எழுதி அறிவித்து, தம் சமயத்துக்குச் சத்திய வேதம் என்று பேர் சூட்டினார். போப்பு 15ஆம் கிரகோரி 1623இல் அவர் முறைக்கு இடம்கொடுத்தார். முதுமையில் நொபிலி யாழ்ப்பாணத்திலும் சில காலம் இருந்திருக்கிறார். வேதம் நான்மறைக்கே உரியது, பாதிரிமார் திருடிவிட்டார்கள் என்று சைவர் சிலர் பொருமுவதுண்டு. திருவாய்மொழியைத் தமிழ் வேதம் என்றவர்கள் பாதிரிமாரா?

வேடிக்கை என்னவென்றால், நொபிலி உதறிய பறங்கிதான் உண்மையில் மேற்கிலிருந்து வந்த சொல். பிராங்கியர் என்னும் ஐரோப்பியக் குடிப்பெயர் அறபில் ‘இஃப்ரன்ஜ்’ ஆகி, பாரசீகத்தில் ‘ஃபரங்கி’ ஆகிக் கடலோடிகள் வழியே நம் கரை சேர்ந்தது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து சோனகரைத் துரத்த, கண்டி அரசன் செனரத் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். அவர்கள் அறிந்த கிறித்தவன் பறங்கி. மட்டக்களப்பில் போர்த்துக்கேய வழியினருக்கு இன்றும் அதுதான் பெயர். வேதக்காரர் என்றாலோ தமிழ்க் கிறித்தவரே முதலில் நினைவுக்கு வருவர். ‘-காரர்’ விகுதியிலும் செய்தி உண்டு. சம்மான் என்னும் தோணியில் வந்தவரைச் சம்மான்காரர் என்றது கரையில் நின்றவர்கள்; அந்தத் தோணி ஒதுங்கிய துறையே சம்மாந்துறை, சிங்களத்தில் ஹம்பாந்தோட்டையும் அதே பொருள். வேதக்காரரும் அப்படி அயலார் இட்ட பெயரே. ஆனால் வேதம் என்ற பகுதியை அயலார் கண்டுபிடிக்கவில்லை. குருமார் ஓயாமல் சொன்னதைக் கேட்டு ஒட்டினார்கள்.

கிழக்கில் இச்சொல்லைப் பரப்பியது 1814இல் மட்டக்களப்பில் வந்திறங்கிய மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் வழிவந்தவர்கள் என்பாரும் உளர். அவர்கள் பள்ளிக்கூடம் தந்தார்கள், அதை யாரும் மறுக்கவில்லை. சொல் அதற்கு முந்தியது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில் வந்த யோசே வாஸ் அடிகளும் அவர் பின் வந்த கோவாக் குருமாரும் இத்தீவில் வேலை செய்தார்கள். அவர்களுள் ஒருவரான யாக்கோமே கொன்சால்வெஸ் சிங்களத்தில் எழுதிய நூலுக்கே ‘தேவ வேத புராணய’ என்றுதான் பெயர். சிங்களத்துக்குள்ளேயே வேதத்தைக் கொண்டுபோனவர்கள் தமிழரிடம் அதை விட்டுவைத்திருப்பார்களா? வேதக்காரர் மதுரையில் முளைத்துக் கோவாக் குருமார் கையால் கிழக்கே நடப்பட்ட சொல் என்றே நான் கொள்கிறேன்.