பூவுக்கும் நிலத்துக்கும் ஒரே பெயர்

2018இல் கொடைக்கானல் சரிவில் குறிஞ்சி பூத்தபோது போயிருந்தேன். கூட வந்த பெரியவர் சொன்னார்: ‘பூவை மட்டும் பாத்தா எப்படித் தம்பி, அது நிக்கிற எடத்தையும் பாருங்க.’

அடையாளம் எளிது: ஊதாநீல மணிப்பூக்கள், 12 ஆண்டுக்கொருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்து, மடியும் செடி. வாழிடம், சோலைகளுக்கிடையே விரியும் உயர்மலைப் புல்வெளி.

மரமில்லாத அந்தப் புல்வெளியைக் காலனிய நிர்வாகம் ‘தரிசு’ என்று வாசித்தது. யூகலிப்டஸையும் வாட்டிலையும் நட்டது. விடுதலைக்குப் பிறகு நம்முடைய அரசும் ரேயான் ஆலைக்காகவும் தோல் பதனிடவும் அதையே தொடர்ந்தது.

சங்க மரபில் குறிஞ்சி பூவுக்கு மட்டுமல்ல, நிலத்துக்கும் பெயர். பூவின் பெயரைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நிலத்தைத் தரிசாக்கிவிட்டோம். இதை வெறும் பெயர்ப் பிழைன்னு விட்டுட முடியுமா? அடுத்த பூப்பு 2030இல். எந்த நிலத்தில்?