மூளைப் புறத்தூண்டல்

கபாலத்தைத் திறவாமல், ஊசியும் செலுத்தாமல், மின்சாரத்தாலோ காந்தசக்தியாலோ வெளியிலிருந்தே மூளையின் ஒரு பகுதியைக் கிளர்ச்சியுறவோ அடங்கவோ செய்யும் முறைகளின் பொதுப்பெயர். தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கையைத் தலையில் வைக்குமாறு கி.பி. முதல் நூற்றாண்டிலேயே உரோம வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் விதித்திருப்பினும், சாஸ்திரரீதியான பிரயத்தனம், வோல்ட்டா 1800-இல் மின்கல அடுக்கை அறிவித்த பின்னரே தொடங்கிற்று. கால்வானியின் சகோதரி மகனான அல்தீனி, அவ்வடுக்கைக் கொண்டு பொலோனா நகரில் மனச்சோர்வுற்ற குடியானவன் ஒருவனுக்குச் சிகிச்சை செய்து, அவன் குணமடைந்தான் என்று 1804-இல் பிரசுரமான தம் நூலில் எழுதினார். ஒருவன் தேறியதை வைத்து ஒரு சிகிச்சையை நிலைநாட்டிவிடலாகாது என்ற நியாயம் அக்காலத்தில் அத்துணை கண்டிப்பாகக் கருதப்படவில்லை.

இத்துறையின் பெருந்தடை மண்டையோட்டு எலும்பே ஆகும். தலைத்தோலில் வைத்த மின்முனைகளிலிருந்து புறப்படும் மின்னோட்டத்தை அவ்வெலும்பு எதிர்ப்பதால், அதில் பெரும்பகுதி தோலின் வழியாகவே சுற்றிப் போய்விடுகிறது. 1980-இல் இங்கிலாந்தில் மெர்ட்டனும் மார்ட்டனும் உயரழுத்த மின்துடிப்பைக் கணப்பொழுது செலுத்தி, விழித்திருக்கும் மனிதரின் கைத்தசைகளைத் துடிக்கச் செய்தனராயினும், தலைத்தோலின் நரம்புகளும் அவ்வதிர்ச்சியை ஏற்க நேர்ந்தமையால் அது வேதனை மிக்கதாயிற்று.

எலும்பு தடுக்காத சக்தி காந்தம். மாறும் காந்தப்புலம் கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என ஃபாரடே 1831-இல் நிரூபித்திருந்தார். பிரெஞ்சு நாட்டு தார்சோன்வால், மாறுதிசை மின்னோட்டம் பாயும் பெரிய கம்பிச்சுருளுக்குள் தலையை வைத்தவர்க்கு ஒளிக்கீற்றுகள் தோன்றியதை 1896-இல் அறிவித்தார். அவ்வொளி மூளையிலன்றி விழித்திரையிலேயே பிறந்தது என்பது பிற்கால முடிபு. 1985-இல் ஷெஃபீல்டில் பார்க்கரும் அவர்தம் சகாக்களும், மின்தேக்கியில் சேர்த்த மின்சாரத்தை ஒரு சுருளினூடே நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான காலத்தில் பாய்ச்சி, ஏறத்தாழ 2 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்துடிப்பைத் தலைமேல் எழுப்பியபோது, எதிர்ப்பக்கக் கை வலியின்றித் துடித்தது. நவீன ஆராய்ச்சிக்கு உண்மையான தொடக்கம் இதுவே.

முதலில் நரம்புப்பாதைகளைச் சோதிக்கவே பயன்பட்ட இம்முறை, துடிப்புகளைத் தொடர்ந்து செலுத்தும் யந்திரங்கள் வந்தபின் சிகிச்சையாக மாறிற்று. அமெரிக்காவில் மார்க் ஜார்ஜ், மருந்துக்கு இணங்காத மனச்சோர்வுற்றோரின் இடப்பக்க முன்மூளையை நாள்தோறும் தூண்டி, 1995-இல் பலனை வெளியிட்டார். 2008-இல் அந்நாட்டு அரசு அனுமதி வழங்கிற்று. 1938-இல் செர்லெட்டி தொடங்கிய மின்னதிர்ச்சிச் சிகிச்சையோடு இதைக் குழப்பலாகாது. அங்கே வலிப்பு நோக்கம், இங்கே விலக்க வேண்டிய அபாயம். 414 நோயாளிகளைக் கொண்டு கனடாவில் நடந்து 2018-இல் வெளியான சோதனை, மூன்று நிமிஷத் தூண்டல், 37.5 நிமிஷத் தூண்டலுக்குக் குறைந்ததன்று எனக் காட்டிற்று.

மெல்லிய நேர்மின்னோட்ட முறையோ இன்னும் சர்ச்சைக்குரியது. 1 மில்லியாம்பியர் மின்னோட்டமே மூளைப்புறணியின் உணர்திறனைத் திசைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷேயும் பவுலஸும் 2000-இல் அறிவித்தமை உலகெங்கும் உற்சாகத்தை விளைத்தது. ஆனால் பிரேசிலில் 245 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான சோதனையில், மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரும் மருந்துக்கு அது குறைந்ததன்று என்பதை நிறுவ இயலவில்லை. ஆதலின் ஞாபகசக்தியை வளர்ப்பதாகச் சொல்லி வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படும் கருவிகளை, வைத்தியரின் ஆலோசனையின்றி எவரும் கையாளாதிருத்தல் நலம்.