வங்கிப் பெயரில் வரும் போலி மின்னஞ்சல்: கண்டறிதலும் பொறுப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

வங்கிகளின் பெயரில் அனுப்பப்படும் போலி மின்னஞ்சல்களைக் கண்டறியும் முறைகள் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஏமாந்தவரின் கவனக்குறைவாகவே பார்க்கப்பட்ட இக்குற்றத்தில் வங்கியின் பொறுப்பும் படிப்படியாக இடம்பெற்றதை எடுத்துக்காட்டுவது இதன் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: தூண்டில் மோசடி, மின்னஞ்சல் தலைப்புரை, தகவல் தொழில்நுட்பச் சட்டம், வங்கிப் பொறுப்பு

முன்னுரை

1982இல் ஜோனதன் போஸ்டெல் வரையறுத்த எஸ்.எம்.டி.பி. நெறிமுறை, அனுப்புநர் தம்மைப் பற்றிக் கூறுவதைச் சரிபார்க்காமல் ஏற்றது. ஆய்வாளர்களிடையே இயங்கிய சிறிய வலையமைப்புக்கு அந்நம்பிக்கை போதுமானதாக இருந்தது. வங்கிச்சேவை இணையத்திற்கு வந்தபோது அதுவே குற்றத்தின் வாயிலாயிற்று.

தோற்றம்

1990களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் ஏஓஎல் சேவையில் நிறுவன ஊழியர்போல் நடித்துக் கடவுச்சொற்களைப் பறித்தோரிடையே ‘ஃபிஷிங்’ என்னும் சொல் வழங்கலாயிற்று. 2001இல் இ-கோல்டு என்னும் பணப்பரிமாற்றச் சேவையின் பயனர்கள் இலக்காயினர். அடுத்து வங்கி வாடிக்கையாளர்கள் குறிவைக்கப்பட்டனர்.

கண்டறியும் முறைகள்

பிழையான மொழிநடை, ‘கணக்கு முடக்கப்படும்’ என்னும் மிரட்டல், காட்டும் முகவரிக்கும் செல்லும் முகவரிக்கும் பொருந்தாத இணைப்பு ஆகியன தொடக்ககால அடையாளங்கள். புலனாய்வுக்கு இவை போதா. அஞ்சல் கடந்துவரும் ஒவ்வொரு வழங்கியும் தலைப்புரையின் மேற்பகுதியில் ஒரு வரியைச் சேர்க்கிறது. ஆகவே பயணத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். எனினும் கீழ்வரிகளை மோசடியாளரே புனைந்திருக்கலாம். பெறுநரின் வழங்கி எழுதிய வரியே உறுதியான சான்று.

பின்னர் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகிய நெறிமுறைகள் அனுப்புநரின் களப்பெயரைச் சரிபார்க்க வழிசெய்தன. ஆயினும் வங்கியின் பெயரை ஒத்த வேறொரு களப்பெயரை மோசடியாளர் முறைப்படி பதிவுசெய்தால், அவரது அஞ்சல் இச்சோதனைகள் அனைத்திலும் தேறிவிடும். இந்திய ரிசர்வ் வங்கி 2025இல் இந்திய வங்கிகளுக்கென ‘பேங்க்.இன்’ என்னும் தனிக் களப்பெயரை அறிவித்ததன் தேவை இங்கு விளங்கும்.

சட்டமும் பொறுப்பும்

2005இல் நாஸ்காம் தொடுத்த வழக்கில், தனிச்சட்டம் இல்லாத நிலையிலும் தில்லி உயர் நீதிமன்றம் இச்செயலைச் சட்டவிரோதமெனக் கொண்டது. 2008ஆம் ஆண்டுத் திருத்தம் 66சி, 66டி பிரிவுகளைச் சேர்த்து அடையாளத் திருட்டையும் ஆள்மாறாட்ட மோசடியையும் தண்டனைக்குரியன ஆக்கியது.

இழப்பை யார் ஏற்பது என்னும் வினா 2010இல் தமிழ்நாட்டில் எழுந்தது. கடவுச்சொல்லைக் கொடுத்தது வாடிக்கையாளரின் கவனக்குறைவு என ஒரு தனியார் வங்கி வாதிட்டது. மாநிலத் தீர்ப்பளிக்கும் அலுவலர் அதை ஏற்காமல், 12.85 லட்சம் ரூபாய் வழங்க அவ்வங்கிக்கு ஆணையிட்டார். 2017ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் பொறுப்பை மெய்ப்பிக்கும் கடமையை வங்கியிடமே வைத்தது. ஆனால் கடவுச்சொல்லைப் பகிர்தலைக் கவனக்குறைவெனக் கொண்டு, புகாரளிக்கும்வரை ஏற்படும் இழப்பை வாடிக்கையாளர்மீதே சுமத்தியது.

முடிவுரை

போலியை உண்மையிலிருந்து பிரித்தறியும் கருவிகள் வங்கியிடமும் அஞ்சல் சேவையிடமுமே பெரிதும் உள்ளன. தலைப்புரையைப் படிக்கத் தெரியாத முதியவரிடம் விழிப்பை மட்டும் எதிர்பார்ப்பது முறையன்று. வஞ்சிக்கப்பட்டுக் கடவுச்சொல்லைக் கொடுப்பதும் அலட்சியத்தால் கொடுப்பதும் வெவ்வேறு என்பதை விதிகள் தெளிவாக ஏற்கும்வரை, 2010இல் எழுந்த வினா முடிவுற்றதாகாது.