நோயினுங் கொடிய மருந்து

ஆராயாது இட்ட மருந்து நோயினுங் கொடிதாகும் என்பதற்கு, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியாகிய கார்ன்வால் கடற்கரையின் சரித்திரம் தக்கதோர் சான்றாம்.

1967-ம் வருஷம் மார்ச்சு மாதம் 18-ந் தேதி, குவெய்த்திலிருந்து சுமார் 1,20,000 டன் கச்சா எண்ணெய் ஏற்றிவந்த 'டாரி கான்யன்' என்னுங் கப்பல், ஓதம் உயர்ந்திருக்கும் வேளையில் துறைமுகஞ் சேர விரும்பிக் குறுக்குவழியிற் சென்று பாறையில் மோதிற்று. எண்ணெய் கரையெங்கும் படிந்தது. கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் மாண்டன.

துரைத்தனத்தார் கப்பலின்மீது குண்டு வீசி எண்ணெயைக் கொளுத்த முயன்றனர். எஞ்சியதைக் கரைத்தற்குச் சுமார் 10,000 டன் இரசாயனத் திரவத்தைத் தெளித்தனர். அத்திரவமோ எண்ணெயினும் பெரிய நஞ்சாயிற்று. பாறைகளில் ஒட்டிவாழ்ந்து பாசி மேயும் நத்தையினங்கள் மடிந்தன. மேய்வனவின்மையாற் பாசி பாறைகளை மூடிற்று. திரவம் மிகுதியாய்த் தெளித்த இடங்கள் பழைய நிலையடைய 10 முதல் 15 வருஷங்கள் வரை சென்றன. தெளியாது விடப்பட்ட கோட்ரெவி முனையோ இரண்டு மூன்று வருஷங்களிற் றேறிற்று.

அன்பர்காள்! இதனைப் பிறர் கதையென்று எண்ணற்க. 2023-ம் வருஷம் டிசம்பர் மாத வெள்ளத்தின்போது நம் எண்ணூர்க் கழியிலும் எண்ணெய் பரந்து, மீன்பிடிப்போர் பிழைப்பைக் கெடுத்தது. ஆதலின், கரையைக் காக்க முற்படுவோர் அக்கரையில் வாழ்வனவற்றை முதலில் அறிதல் வேண்டும். அவசரத்தாற் செய்யும் உபகாரமும் அபகாரமாய் முடியும்.