வசந்தா வந்தாள், மாரி போனாள்

இலங்கையில் வசந்த என்பது பெரும்பாலும் சிங்கள ஆண்மகனின் பெயர். வசந்தா என்றால் பெண். ஆனால் அவர் தமிழரா சிங்களவரா என்பதை அந்தப் பெயர் மட்டும் காட்டிக்கொடுக்காது. இரு இனத்தவரும் ஒரே வடமொழிச் சொல்லை எடுத்து, ஒரே இளவேனிற் காலத்தைத் தத்தம் தொட்டில்களில் இட்டுத் தாலாட்டியிருக்கின்றனர்.

பருவங்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவதில் சிங்களவர் எம்மைவிடத் தாராளமானவர்கள். சரத், ஹேமந்த, சிசிர, வசந்த என வடமொழிப் பருவங்கள் ஆறில் நான்கு அவர்களிடையே ஆண்களாக நடமாடுகின்றன. சரத் அமுனுகம, சரத் பொன்சேகா என்று அரசியலில் மட்டுமே எத்தனை சரத்துகள்! இதில் ஒரு வேடிக்கை உண்டு. வடமொழியில் வசந்தம் ஆண்பாற்சொல், சரத் பெண்பாற்சொல். நாம் ஆணைப் பெண்ணாக்கினோம். அவர்கள் பெண்ணை ஆணாக்கினார்கள். வடமொழி இலக்கணக்காரர் எவரும் இரு தரப்பையும் மன்னிக்கமாட்டார்.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்குவதற்குக் காரணம் ரொறொன்ரோவில் வசிக்கும் நண்பர் ஒருவர். கார்த்திகை மாதத்தில் பிறந்த தமது பேத்திக்குப் பெயர் தேடுகிறார். பெயர் தமிழாக இருக்கவேண்டும், பிறந்த பருவத்தைச் சொல்லவேண்டும், வகுப்பில் வேறெந்தப் பிள்ளைக்கும் இருக்கக்கூடாது என்பது பெற்றோரின் விருப்பமாம். எண்சாத்திரம் பார்த்து, வாயில் நுழையாத கிரந்த எழுத்துகளைக் கோத்துப் பெயர் வைக்கும் காலத்தில் இப்படியொரு விருப்பம் எழுந்ததே பெரிது.

தமிழில் பருவப் பெயர்கொண்ட பெண்ணைத் தேடினால் சிலப்பதிகாரத்துக்கே போகலாம். மாதவியின் தோழி வசந்தமாலை. தாழை மடலில் மாதவி எழுதிய கடிதத்தைக் கோவலனிடம் கொண்டு செல்பவள் அவள்தான். அவன் வாங்க மறுக்கிறான். இளங்கோவடிகள் இந்நிகழ்ச்சியை வைத்திருப்பது வேனிற்காதையில். வேனிலின் பெயர்கொண்டவள், வேனிற் காலத்தில் தூது சென்று, வெறுங்கையோடு திரும்புகிறாள். மாதவி என்பதும் வேனிலோடு உறவுள்ள பெயரே. குருக்கத்திக் கொடிக்கு அது பெயர். சித்திரைக்கும் வைகாசிக்கும் மது, மாதவம் என வடமொழியில் பழம்பெயர்கள் இருந்தன.

மறைந்து நிற்கும் இன்னொரு பருவப் பெயர் சாரதா. சரத் காலத்துக்குரியவள் என்பது அதன் பொருள். கலைமகளின் பெயராகவே அதை நாம் அறிவோம், பருவத்தை மறந்துவிட்டோம். சரத் காலத்துக்குரிய மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். நண்பரின் பேத்திக்கு மிகப் பொருத்தந்தான். ஆனால் சாரதா புதுமையான பெயருமல்ல, தமிழுமல்ல.

1916ஆம் ஆண்டில் சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனதோடு தொடங்கிய தனித்தமிழ் அலை, கடல்கடந்து எமது பெயர்களையும் தொட்டது. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின்னர் தமிழ்ப் பெயர் என்பது வெறும் மொழிப்பற்றாக மட்டும் இருக்கவில்லை; அது ஓர் அரசியல் பதிலாகவும் ஆயிற்று. தமிழ்ச்செல்வியும் யாழினியும் வந்தார்கள். இளவேனிலும் வந்தாள்.

ஆனால் தமிழ்ப் பெயருக்கு இந்த நாட்டில் ஒரு விலை இருந்தது. 1983 யூலைக்குப் பின்னர், கொழும்பில் வாழ்ந்த சில குடும்பங்கள் பிறக்கும் பிள்ளைக்கு இரு இனத்துக்கும் பொதுவான பெயரைத் தேடியதை நான் அறிவேன். வசந்தா அதற்கு வாகான பெயர். பேருந்திலோ வேலைத்தலத்திலோ ஒருவர் அவளை உரக்கக் கூப்பிட்டால் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சோதனைச்சாவடியில் மட்டும் இந்தத் தந்திரம் பலிக்காது. அடையாள அட்டையில் வசந்தாவுக்கு முன்னால் அப்பாவின் பெயர், சிவசுப்பிரமணியம் என்றோ கந்தசாமி என்றோ நெடுநெடுவென்று நின்றுகொண்டிருக்கும்.

இத்தனை பருவங்களையும் தொட்டிலில் இட்ட யாழ்ப்பாணத்தார், தம் சொந்தப் பருவத்தை மட்டும் வாசலோடு நிறுத்திவிட்டனர். அதன் பெயர் மாரி. தொல்காப்பியம் கூறும் ஆறு பெரும்பொழுதுகளுள் கார்காலத்துக்கு ஆவணியையும் புரட்டாதியையும் வகுத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அந்த மாதங்களில் பெரும்பாலும் மண் வெடித்துக் கிடக்கும். அங்கே நடைமுறையில் இருப்பவை கோடை, மாரி என்ற இரண்டே. ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு பெய்யும் மழைதான் குடாநாட்டின் ஆண்டு வருமானம். அங்கே வற்றாத ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறுகூட மாரியில் மட்டுமே ஓடும். சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் கிணறுகளில் ஊறி, மறு ஆடிவரை குடிநீராகவும் தோட்டத்து நீராகவும் இருப்பது அந்த மூன்று மாதத்து மழையே. காலபோக நெல்லும் அதை நம்பியே விதைக்கப்படுகிறது.

அவ்வளவு வேண்டப்பட்ட மாரியைப் பெண்பிள்ளைக்கு ஏன் சூட்டவில்லை? நண்பர் இப்பெயரைச் சொன்னதும் குழந்தையின் அம்மம்மா தொலைபேசியிலேயே மறுத்துவிட்டாராம். பள்ளிக்கூடத்தில் ‘மாரித் தவளை’ என்று பகிடி பண்ணுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். சொல்லாத காரணம் வேறு என்றே நினைக்கிறேன். மாரியம்மா, மாரியாயி, மாரிமுத்து ஆகியவை யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தின் காதில் மலையகத்துப் பெயர்களாகவும், ஊரில் தாழ்த்தி வைக்கப்பட்டோரின் பெயர்களாகவுமே ஒலித்து வந்திருக்கின்றன.

மலையகத்தில் மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டத்தைக் காண்பது அரிது. மழைக்கும் நோய்க்கும் அவளே பொறுப்பு. தென்மேற்குப் பருவமழையில் நனைந்தபடி கொழுந்து பறித்த பெண்களின் பெயர்களில் அவள் இருந்தாள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களில் எத்தனை மாரியாயிகள் இருந்திருப்பார்கள்! 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மிஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். சுழித்த எழுத்தில் தோட்டத்துரையின் பேரேட்டிலும், பின்னர் குடியுரிமை விண்ணப்பத்திலும் ஏறி இறங்கிய பெயர் அது. முகஞ்சுளிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

பழமை வேண்டுமென்றாலும் குறைவில்லை. புறநானூற்றின் 251, 252ஆம் பாடல்களைப் பாடியவர் பெயரை மாற்பித்தியார் என்றும் மாரிப்பித்தியார் என்றும் இருவிதமாக எழுதுகிறார்கள். அவரைப் பெண்பாற் புலவராகவே பலரும் கொள்கின்றனர். பித்திகம் என்பது மழைக்காலத்தில் பூக்கும் பிச்சிப்பூ. இரண்டாவது வடிவமே சரியென்றால், சங்கப் புலவர் ஒருவரின் பெயரிலேயே மாரி பூத்திருக்கிறது.

புலம்பெயர்ந்த நாடுகளில் வேறு சிக்கல்கள் உண்டு. ரொறொன்ரோவில் கார்த்திகை என்பது மழையுமல்ல. முதற்பனி விழும் காலம். எம் முன்னோர் முன்பனி, பின்பனி என்றது புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியை. அதே சொல் அங்கே முழங்காலளவு குவிந்து கிடக்கிறது. பனிமலர் என்ற அழகிய பெயருக்குக் கனடாவில் கிடைக்கும் பொருளை எந்தப் புலவரும் நினைத்திருக்க முடியாது. மெல்பேணில் பிறக்கும் பிள்ளைக்கோ மார்கழி என்பது கொதிக்கும் கோடை. வேனில் என்று வைத்தால் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் ஐஸ்கிறீம் ஆக்கிவிடுவார்கள். பாரிஸில் மாரி என்று ஆங்கில முறைப்படி எழுதினால் பிரெஞ்சு மொழியில் ‘கணவன்’ என்று பொருள். கடைசியில் ஓர் ‘ஈ’ எழுத்தைச் சேர்த்துவிட்டால் ஒலி மாறாமல் மாதாவின் பெயராகிவிடும்.

பிள்ளை பிறந்த நாட்டின் பருவத்தைச் சூட்டுவதா, பாட்டனார் விட்டுவந்த ஊரின் பருவத்தைச் சூட்டுவதா என்று நண்பர் என்னிடம் கேட்டார். ஊரின் பருவத்தையே சூட்டுங்கள் என்றேன். பனியை அந்தப் பிள்ளை எப்படியும் பார்த்துக்கொள்ளும், மாரியைப் பார்ப்பதற்குத்தான் யாராவது சொல்லித்தரவேண்டும். மாரிமலர் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. அம்மம்மா இன்னும் இறங்கிவரவில்லை என்று கேள்வி.