முன்கண்ணாடியும் ஒரு சாண் இறப்பரும்



கோட்டைக்கும் பாலத்துக்கும் துறைமுகத்துக்கும் சரித்திரம் எழுதுவோர் பலர். மோட்டார்க் காரின் முன்கண்ணாடியில் அங்குமிங்கும் அசையும் ஒரு சாண் இறப்பருக்கும் சரித்திரம் உண்டென்றால் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், மன்னார்க் கரையோரத்தில் பழைய கார் வைத்திருப்போர் நகைக்கமாட்டார்கள். வைப்பர் என்று நாம் வழங்கும் அந்தத் துடைப்பானின் அருமையை முதல் மழையிலே அவர்கள் அறிவார்கள்.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் துடைப்பான் என்பதே இல்லை. மழை பெய்தால் சாரதி முன்கண்ணாடியின் மேற்பாதியைத் திறந்துவிட்டு, நனைந்துகொண்டே வண்டியைச் செலுத்துவான். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி அண்டர்சன் என்னும் பெண்மணி, நியூயோர்க் நகரில் டிராம் வண்டியொன்றின் சாரதி பனிமழையில் இவ்வாறு அல்லற்படுவதைக் கண்டார். வண்டியின் உள்ளிருந்தே கைப்பிடியால் அசைக்கத்தக்க இறப்பர்த் துடைப்பான் ஒன்றை அமைத்து, 1903ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதனை வாங்க அக்காலத்தில் எவரும் முன்வரவில்லை. காப்புரிமைக் காலம் கழிந்த பின்னரே துடைப்பான் இல்லாத வண்டி அரிதாயிற்று. முதலில் கையால் அசைந்தது. பின்னர் இயந்திரத்தின் உறிஞ்சு விசையால் அசைந்தது. அதன்பின் மின்சாரத்தால் அசையலாயிற்று. இத்தனை மாற்றத்திலும் மாறாது நின்றது கண்ணாடியைத் தொடும் இறப்பர் விளிம்பு ஒன்றே.

அந்த இறப்பருக்கும் நமது நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1876இல் பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் என்பவர் கொண்டுவந்த வித்துக்கள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றுள் ஏறத்தாழ 1,900 கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்குக் கப்பலேறின. கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டம் அவற்றின் தாயகமாயிற்று. ஆசியாவின் இறப்பர்ப் பெருந்தோட்டங்களுக்கு அத்தோட்டமும் ஒரு தொட்டிலாகும்.

ஆனால், இறப்பர் வளரும் ஈரமண் வேறு. அதனை வருத்தும் மன்னார் மண் வேறு. இங்கே மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையே. மற்றைய மாதங்களில் வெயிலும் காற்றுமே ஆட்சி செய்யும். சோளகக் காற்று உப்பையும் நுண்மணலையும் வாரிவந்து கண்ணாடியில் பூசும். வெயிலில் நின்ற இறப்பர் இறுகி வெடிக்கும். துடைப்பானின் விளிம்பு ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் மறுபுறம் சாய்ந்து கொடுக்க வேண்டும். இறுகிய விளிம்பு சாயாது. அதிர்ந்து துள்ளிக் கண்ணாடியில் கோடிழுக்கும். ஆகவே, மன்னாரில் துடைப்பான் தேய்ந்து கெடுவதிலும் பார்க்கச் சும்மா இருந்தே கெடுகின்றது. ஒன்பது மாதம் வேலையின்றிக் கிடந்து, வாடை மழை தொடங்கும் நாளில் அது கைவிடுகின்றது. மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் நோக்கி இரவில் மழையினூடே வருபவனுக்கு, வீதியில் படுத்திருக்கும் மாடும் விளக்கில்லாத சைக்கிளும் அந்நேரம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஓர் உயிர் ஒரு சாண் இறப்பரில் தங்கியிருக்கும் வேளை அது.

வட இலங்கையில் பழைய பிரித்தானிய கார்கள் நெடுங்காலம் ஓடியமைக்குக் காரணம் விருப்பம் மட்டுமன்று, நிர்ப்பந்தமுமாகும். 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனரும் அதன் காலத்து ஒஸ்டின் கார்களும் இங்கே பெருகின. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி இறுகியது. 1977 வரை புதிய கார் பலருக்கு எட்டாக் கனியாயிற்று. பின்னர்ப் போர் வந்தது. 1990இல் தீவையும் பெருநிலத்தையும் இணைத்த மன்னார்ப் பாலம் தகர்க்கப்பட்டது. 2010இலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. வடக்கில் பொருளாதாரத் தடை நிலவிய அக்காலத்தில் பெற்றோலும் உதிரிப்பாகமும் அருகின. பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. உள்ளதைச் செப்பனிட்டு வாழ்வதே வழியாயிற்று. 2020இல் மீண்டும் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, அப்பழைய பாடத்தை நாடு முழுவதும் மறுமுறை படித்தது.

இனி, துடைப்பானை மாற்றும் முறையைச் சிறிது நோக்குவோம். கையைத் தூக்குமுன் கண்ணாடியின்மேல் மடித்த துணியொன்றை விரித்தல் வேண்டும். வில்விசை கொண்ட வெறுங்கை தவறி விழுந்தால் கண்ணாடி உடையும். பழைய பிளேட்டை அளந்தே புதியது வாங்க வேண்டும். இரு துடைப்பான்களும் எதிரெதிரே அசையும் வண்டிகளில், நீளம் மிஞ்சினால் ஒன்றோடொன்று மோதும். கண்ணாடி தட்டையா, வளைந்ததா என்பதையும் நோக்குதல் வேண்டும். 1956 வரை மொரிஸ் மைனரின் முன்கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகளாக இருந்தது. அதன்பின் வளைந்த ஒற்றைக் கண்ணாடி வந்தது. தட்டைக்கு உரிய பிளேட் வளைவில் முழுவதும் படியாது. உரிய பிளேட் கிடைக்காவிடின், நீண்ட இறப்பர்ப் பட்டையை வாங்கி, பழைய உலோகச் சட்டத்துக்கு அளவாக வெட்டிச் செருகலாம். சட்டத்தில் உப்புத் துரு இருப்பின் முதலில் அதனைத் தேய்த்து நீக்க வேண்டும். கையின் வில் தளர்ந்திருந்தால் புதிய இறப்பராலும் பயனில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உலர்ந்த கண்ணாடியில் துடைப்பானை ஓட்டலாகாது. நன்னீரால் மணலையும் உப்பையும் கழுவிய பின்னரே ஓட்ட வேண்டும். இன்றேல் மணல் கீறிய கோடு கண்ணாடி உள்ளவரை நிற்கும்.

இயந்திரத்தில் நெடுநாள் நிலைக்கும் உறுப்புகளும் உண்டு. பிறவற்றைக் காக்கத் தாம் அழியும் உறுப்புகளும் உண்டு. துடைப்பான் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய கார் பலமுறை புதிய இறப்பரைக் கண்டிருக்கும். அவ்வாறு கண்டதனாலேயே அது ஓடியது. புரட்டாதி மாதம் பிறந்ததும், வானம் கறுக்குமுன், அந்த இறப்பரை ஒருமுறை விரலால் வளைத்துப் பாருங்கள். வளைந்து மீண்டால் விட்டுவிடுங்கள். வெடித்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.